புதிய களம் புகுமுன்

கள்ளக்குறிச்சி, மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்ச் சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. அங்குள்ள சிற்பத் தச்சர், புதிய மரக்கட்டை கைக்கு வந்தவுடன் உளியை ஓங்கிவிடுவதில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். நார் எத்திசையில் ஓடுகின்றது, கணு எங்கே உள்ளது, வெடிப்பு ஏதேனும் உண்டோ என ஆராய்வர். அதன் பின்னரே உளி தொடுவர். கை பல்லாண்டு பழகிய கையே; உளியும் பழைய உளியே; ஆயினும் மரம் புதிது. மரம் புதிதாயின், பழகிய கையும் சிறிது பொறுத்தே தொழிற்படல் வேண்டும். இஃது அத்தொழில் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஒரு செயலில் வல்லவன் எவ்விடத்தும் வல்லவனாகவே இருப்பான் என்று எண்ணுதல் உலகத்தார் இயல்பு. திருவள்ளுவர் அவ்வாறு எண்ணினாரல்லர். பொருட்பாலில், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்னும் வரிசையில் அவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். வலிமை மட்டும் போதாது. காலமும் இடமும் அதனோடு பொருந்தல் வேண்டும் என்பதை இவ்வைப்பு முறையே உணர்த்துகின்றது. அவை அரசர்க்குக் கூறப்பட்டனவாயினும், எத்தொழில் செய்வார்க்கும் பொருந்துவன. மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்க்கும் அவை எங்ஙனம் பொருந்துகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்த கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை உயர்ந்து நிற்கின்றது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றைப் போல இதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் உள்ளன. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து செல்வது. ஒரு வளைவில் மழைநீர் அடித்து வந்த மணல் கிடக்கும். மற்றொரு வளைவில் ஆட்டுமந்தை குறுக்கிடும். பிறிதொரு வளைவில் பேருந்து எதிர்ப்படும். மலையினின்று இறங்கிச் சமவெளியை அடைந்தாலோ, ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் சாலையை அடைத்துச் செல்லும்.

இச்சாலையில் சில ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞன் ஒருவனை மனத்திற் கொள்வோம். ஏற்றத்தில் எந்தக் கியர், இறக்கத்தில் எந்தக் கியர் என்பதை அவன் அறிவான். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் எஞ்சினின் இழுவையாலும் வேகத்தை அடக்கும் முறையை அறிவான். எந்த வளைவில் நீர் கசியும் என்பதையும் அறிவான். இத்தகையவன், தன் வேகத்தைச் சாலையில் காட்டுதல் தகாது என உணர்ந்து, அதற்கென அமைந்த ஓடுகளத்தில் ஒருநாள் ஓட்டிப் பயில விரும்புகின்றான். அக்களத்தை அவன் இதுவரை கண்டதில்லை. அவன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் யாவை என்பதே நம் பாடப்பொருள்.

நம் மாநிலத்தில் மோட்டார்ப் பந்தயம் நெடுநாளைய வரலாறு உடையது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953ஆம் ஆண்டு தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து வந்தன. பின்னர், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகம் தனக்கெனக் களம் அமைத்தது. அது 1990இல் திறக்கப்பட்டது. அதன் சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் ஒரு களம் உண்டு. அது கரிவரதன் என்னும் பந்தய வீரரின் நினைவாகப் பெயர் பெற்றது. பந்தயம் இல்லாத நாள்களில், கட்டணம் செலுத்தும் பிறரும் இத்தகைய களங்களில் ஓட்டிப் பயிலுமாறு நாள்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அந்நாளை 'டிராக் டே' என்பர்; நாம் அதனைக் களப்பயிற்சி நாள் எனலாம். அங்கே பரிசும் இல்லை. வென்றாரும் இல்லை, தோற்றாரும் இல்லை. நேற்றைய தன்னினும் இன்றைய தான் செம்மையாக ஓட்டுவதே அந்நாளின் பயன்.

முதற்கண் வலியறிதலைக் காண்போம். வண்டியின் வலியும் தன் உடலின் வலியும் ஈண்டு ஆராயத்தக்கன. சாலையில் குறையின்றி ஓடும் வண்டி களத்திலும் அவ்வாறே ஓடும் எனக் கொள்ளுதல் பிழை. சாலையில் பிரேக்கை எப்பொழுதோ ஒருமுறை வன்மையாக அழுத்துகின்றோம். களத்திலோ சுற்றுத்தோறும் பன்முறை அழுத்துகின்றோம். அதனால் பிரேக் பெரிதும் சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய பழைய ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவிக்குமிழிகளை உண்டாக்கும்; அப்பொழுது பிரேக்கைப் பிடித்தாலும் அது பற்றாது. ஆதலின் முன்னரே பழைய ஆயிலை நீக்கிப் புதியது இடுதல் வேண்டும். பிரேக் கட்டைகளின் தேய்வு, செயினின் தளர்வு, டயரின் தேய்வு, திருகாணிகளின் இறுக்கம், எஞ்சின் ஆயிலின் கசிவு ஆகிய அனைத்தையும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்தல் நன்று. முகவிளக்கு முதலிய கண்ணாடிப் பகுதிகள் உடைந்து களத்தில் சிதறாவண்ணம் ஒட்டுநாடாவால் மூடுவர். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி வைப்பர். ஒருவன் வண்டியிலிருந்து சிந்தும் ஒரு துளி ஆயில், பின்வரும் மற்றொருவனை வீழ்த்திவிடும். ஆகவே தன் வண்டியைப் பேணுதல், தன்னைக் காத்தல் மட்டுமன்று. பிறரைக் காத்தலும் ஆம்.

உடைகளைக் குறித்தும் ஒரு சொல். முகம் முழுதும் மூடும் தலைக்கவசம், தடித்த தோலாடை, கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி, முதுகெலும்பைக் காக்கும் கவசம் ஆகியன இன்றியமையாதன. ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட தலைக்கவசம் வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றினும் உள்ளே சிதைந்திருக்கும். அதனை அணிதல் ஆகாது. இரவல் தலைக்கவசம் தலைக்குப் பொருந்தாமல் தளர்ந்திருப்பின், வேண்டிய நேரத்தில் கழன்று போதலும் கூடும்.

அடுத்துக் காலமறிதல். களத்தின் காலம் நாழிகையால் மட்டும் அளக்கப்படுவதன்று, வெப்பத்தாலும் அளக்கப்படுவது. காலையில் முதற்சுற்றுக்குப் புகும்போது டயர் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த டயருக்குத் தரையைப் பற்றும் ஆற்றல் குறைவு. எனவே முதற் சில சுற்றுகள் டயரைச் சூடேற்றுதற்கும் பாதையை அறிதற்கும் உரியன. விரைதற்கு உரியன அல்ல. சூடேறுந்தோறும் டயரினுள் காற்றழுத்தம் மிகும். அதனால் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, டயர் செய்வோர் கூறிய அளவில் வைத்துக்கொள்வர்.

நண்பகலில் வெயிலே பகையாகும். தோலாடையினுள் உடல் வியர்த்து நீர் வற்றும். நீர் வற்றினால் கவனம் சிதறும். இதற்குச் சான்று வேண்டின், நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத்தர் பெயர் தாங்கிய பன்னாட்டுக் களத்தில், 2023 செப்டம்பர் 24 அன்று மோட்டோ ஜிபி என்னும் உலகப் பந்தயம் முதன்முறையாக நம் நாட்டில் நடந்தது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்க்கும் அது புதிய களமே. வெயிலின் கடுமை கருதிப் பந்தயத்தின் சுற்றுகளை 24இலிருந்து 21ஆகக் குறைத்தனர். அவ்வாறு குறைத்தும், இரண்டாம் இடம் பெற்ற எசுப்பானிய வீரர் மார்ட்டின், பந்தயம் முடிந்ததும் உடலில் நீர் வற்றியமையால் சோர்ந்து விழுந்தார். பயிற்சியையே வாழ்க்கையாகக் கொண்டவர்க்கே அந்நிலை எனின், புதியவர்க்குக் கூறவும் வேண்டுமோ? முன்னிரவில் நல்லுறக்கம், காலையில் எளிய உணவு, இடைவேளைதோறும் நீர், நிழலில் ஓய்வு ஆகியவை பொன்போற் போற்றத்தக்கன. மாலையில் உடல் தளர்ந்ததாகத் தோன்றின், 'கட்டணம் வீணாகின்றதே' என்று எண்ணாமல் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுதலே அறிவுடைமை.

இனி, மூன்றாவதாகிய இடனறிதல். புதிய களம் புகுவானுக்கு இதுவே தலையாயது. செய்யுளை மனப்பாடம் செய்யும் மாணவன், முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் விழுங்க முயல்வதில்லை. சீர்சீராகவும் அடியடியாகவும் பிரித்துப் படித்து, பின்னர் அவற்றை இணைக்கின்றான். களத்தையும் அங்ஙனமே கற்றல் வேண்டும். முதலில் அதன் வரைபடத்தை எடுத்து, வளைவுகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிடுக. எது வலம், எது இடம், எது அகன்றது, எது இறுகியது என்பதைக் குறித்துக்கொள்க. பின்பு வரைபடத்தை மூடிவைத்து, வெற்றுத் தாளில் நினைவினின்று வரைந்து பார்க்க. வரைய இயலாத வளைவு எதுவோ, அதுவே இன்னும் கல்லாத வளைவு. அக்களத்தில் பிறர் ஓட்டிய காணொளிகளும் உதவும். ஆயினும் அவற்றில் மேடுபள்ளமும் சரிவும் உள்ளவாறு புலப்படுவதில்லை. ஆதலின் காணொளியைக் கண்டதாலேயே களத்தைக் கண்டதாகக் கொள்ளுதல் கூடாது. நடந்து பார்க்க இசைவு கிடைக்குமாயின், ஒருமுறை காலால் நடந்து பார்த்தல் நூறுமுறை கண்ணால் காண்பதினும் மேலானது.

கல்வராயன் மலைக்குச் சமவெளியினின்று செல்வோர், காட்டினுள் நுழையுமுன் மலைவாழ் மக்களிடம் வழி கேட்பர். எந்த ஓடை திடீரெனப் பெருகும், எந்தத் தடம் முட்டி நிற்கும் என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்? அவ்வாறே, களத்தில் பல்லாண்டு ஓட்டியவரையும் பயிற்சியாளரையும் அணுகிக் கேட்டல் வேண்டும். பதிவு செய்யும்போது 'தொடக்க நிலையினர்' என்னும் பிரிவில் சேர்தல் இழிவன்று. மலைப்பாதையில் யான் வல்லவன் என்று கூறி மேற்பிரிவிற் சேர்பவன், தனக்கும் பிறர்க்கும் இடர் விளைப்பான்.

களத்தினுள் ஓட்டுநருடன் வாயாற் பேசுதல் இயலாது. அங்குக் கொடிகளே பேசும். மஞ்சட் கொடி ஆடினால் முன்னே இடர் உண்டு. வேகத்தைக் குறைத்தல் வேண்டும், எவரையும் முந்துதல் ஆகாது. மஞ்சளில் செங்கோடுகள் கொண்ட கொடி, தரை வழுக்கும் என்பதை உணர்த்தும். செங்கொடி கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டது என அறிந்து, மெல்ல ஓட்டிப் புறப்பட்ட இடத்திற்குத் திரும்புதல் வேண்டும். நீலக்கொடி, பின்னால் விரைவான வண்டி வருகின்றது எனக் கூறும். கருங்கொடி காட்டப்பெற்றவன் உடனே வெளியேறி மேலாளரைக் காணல் வேண்டும். கட்டமிட்ட கொடி ஓட்டத்தின் முடிவு. இவ்வெழுத்துகளை அறியாதவன், அக்களத்தில் எழுத்தறியாதவனே ஆவான்.

விரைவின் இயல்பையும் சிறிது கணக்கிட்டு அறிவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வோன் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுவான். இமைத்து விழிப்பதற்குள் பல மீட்டர் கழிந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தொலைவு இருமடங்கன்று, நான்கு மடங்கு. வளைவிலும் இதே கணக்கு உண்டு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வண்டியை ஏறத்தாழ 14 பாகை சாய்த்தால் போதும். அதே வளைவில் 80 கிலோமீட்டர் வேகமாயின் 45 பாகை சாய்த்தல் வேண்டும். சாலை டயரின் பிடிப்பு பெரும்பாலும் அவ்வெல்லையை நெருங்கியே முடிந்துவிடும். டயரின் பிடிப்பு ஓர் அளவுபட்ட கைப்பொருள் போன்றது. பிரேக்குக்குச் செலவிட்ட பங்கு வளைவுக்கு மிஞ்சாது. ஆதலின் வளைவுக்கு முன்னர், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுதல் வேண்டும்.

வேகத்தை எங்கே குறைக்கத் தொடங்குவது? அதற்கு அடையாளம் வேண்டும். ஓரத்தில் நட்ட தொலைவுப் பலகை, கட்டடத்தின் மூலை, தரையிலுள்ள ஒட்டு முதலிய அசையாப் பொருள்களையே அடையாளமாகக் கொள்க. நிழலை அடையாளமாகக் கொண்டவன், நிழல் நகர்ந்தவுடன் தானும் இடம் தவறுவான். முதலில் தேவைக்கு முன்னதாகவே பிரேக் பிடித்து, சுற்றுத்தோறும் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்லுதல் நன்முறை. கண் எங்கே செல்கின்றதோ, வண்டியும் அங்கே செல்லும். இடரையே உற்று நோக்குவோன் அவ்விடரின் மேலேயே சென்று மோதுவான். வளைவின் வெளிவாயிலை நோக்குவோன் அதன் வழியே வெளியேறுவான். இவ்வுண்மையை நம் மலைப்பாதை இளைஞன் முன்னரே அறிவான். அவன் உடன் கொண்டு செல்லத்தக்க செல்வங்களுள் இஃது ஒன்று.

அவன் விட்டுச் செல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. மலைச்சாலையில் அவன் இடப்புறத்தையே பற்றிச் செல்வான், நடுக்கோட்டைத் தாண்டான். களத்தில் எதிர்வருவார் இல்லை. பாதையின் அகலம் முழுதும் அவனுடையது. வெளியோரத்தினின்று புகுந்து, உள்ளோரத்தை மெல்லத் தொட்டு, மீண்டும் வெளியோரத்தை அடைந்தால், வளைவின் ஆரம் பெரிதாகும்; ஆரம் பெரிதானால் சாய்வு குறையும். பழைய வழக்கத்தை விடாதவன் அகன்ற களத்தையும் ஒடுங்கிய சாலையாக்கிக்கொண்டு, வேண்டாத இடத்தில் வருந்துவான்.

மாணவர்களே, இங்கேதான் நாம் ஊன்றிக் கருத வேண்டியது ஒன்று உளது. மாலையில் களத்தினின்று மீளும் இளைஞன், மறுநாள் மீண்டும் கச்சிராயபாளையத்தினின்று வெள்ளிமலைக்கு ஏறுவான். களத்தில் கற்ற அகன்ற வழி அவன் கையில் புதிதாய்ப் படிந்திருக்கும். அதே வழியை மலைச்சாலையில் மேற்கொண்டு வளைவின் வலப்புறம் சென்றானாயின், எதிரே வருவது பேருந்து. அதனுள் இருப்போர் சந்தைக்குச் செல்லும் முதியோரும் பள்ளிக்கு வரும் சிறுவரும். களத்தில் கல்வியாய் இருந்தது, சாலையில் கொலையாகிவிடும். களத்தில் வீழ்வோனை ஏந்த ஓரத்தில் வெற்றிடமும், உதவ ஆளும், அருகில் மருத்துவ ஊர்தியும் உண்டு. மலை வளைவில் வீழ்வோனை ஏந்துவது பாறையும் பள்ளமுமே. ஆகவே புதிய இடம் புகும்போது பழைய வழக்கத்தை விடுதல் எத்துணை இன்றியமையாததோ, பழைய இடம் மீளும்போது புதிய வழக்கத்தை விடுதலும் அத்துணை இன்றியமையாதது. இடனறிதல் ஒருமுறை செய்து முடிக்கும் வினையன்று. இடம் மாறுந்தோறும் செய்ய வேண்டிய வினை.

நுங்களுட் பலர்க்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் அகவை இன்னும் வரவில்லை. கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 அகவை நிரம்புதல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதுவரை காத்திருத்தலும் காலமறிதலே. ஆனால் புதிய களம் என்பது வண்டியோட்டுவார்க்கு மட்டும் உரியதன்று. மலையூர்ப் பள்ளியில் முதல் மாணவனாய் இருந்தவன் நகரத்துக் கல்லூரியில் புகும் நாளும், உள்ளூர்க் கிணற்றில் நீந்தியவன் ஆழமறியாக் கடலில் இறங்கும் நாளும் புதிய களம் புகும் நாள்களே. அந்நாளில் முன்னைய வெற்றியை நினைந்து முந்துதலை விடுத்து, தச்சர் மரத்தை நோக்குவதுபோல் இடத்தை நோக்கி, அறிந்தாரை வினவி, முதற் சுற்றை மெல்லச் சுற்றுக. மெல்லச் சுற்றிய முதற் சுற்றுக்காக எவரும் பின்னாளில் வருந்தியதில்லை.